ஆங்கிலத்தில் ‘நடந்துகொள்’: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்த கடிதங்களில் பல மதுரையிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் வந்தவை. ஒவ்வொருவரும் ஒவ்வோர் இடத்தில் முட்டி நின்றாலும் முடிச்சு ஒன்றுதான். ‘நடந்துகொள்’ என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது, அதிலுள்ள ‘கொள்’ அங்கே எங்கே போகிறது என்பதே அது. ஆகவே அந்தக் கடிதங்களை மட்டும் ஒன்றாக எடுத்துக்கொண்டோம்.

எங்கள் மகள் படிக்கும் பள்ளியின் ஆண்டுவிழா அழைப்பிதழில், ‘பேரன்ட்ஸ் ஆர் ரெக்வெஸ்டட் டு கம்ப்போர்ட் தெம்செல்வ்ஸ் வித் டெக்கோரம்’ என்று அடியில் அச்சிட்டிருந்தது. ‘கம்ஃபர்ட்’ என்பதுதான் அச்சுப்பிழையாகிவிட்டது என்கிறார் என் கணவர். இப்படி ஒரு சொல் அகராதியில் இருக்கிறது என்கிறாள் மகள். யார் சொல்வது சரி?
– வாசகி, திருமங்கலம்

உங்கள் மகள் சொல்வதே சரி. சி, ஓ, எம், பி, ஓ, ஆர், டி என்ற ஏழு எழுத்தில் ‘கம்ப்போர்ட்’ என்று ஒரு வினைச்சொல் உண்டு. ‘நடந்துகொள்’ என்பதே அதன் பொருள். ‘பெற்றோர் அவைக்குரிய ஒழுங்கோடு நடந்துகொள்ள வேண்டுகிறோம்’ என்பதுதான் அந்த வரி. அதைக் ‘கம்ஃபர்ட்’ என்று மாற்றிப் படித்தால், ‘பெற்றோர் தங்களுக்குத் தாங்களே ஆறுதல் சொல்லிக்கொள்ள வேண்டும்’ என்று ஆகிவிடும்.

இதன் வேர் லத்தீன். ‘கொம்’ என்றால் சேர்த்து, ‘போர்ட்டாரே’ என்றால் சுமத்தல். மதுரை ரயில் நிலையத்தில் பெட்டி தூக்கும் போர்ட்டர், துறைமுகத்தில் நடக்கும் இம்போர்ட், எக்ஸ்போர்ட், சரக்கு லாரியின் டிரான்ஸ்போர்ட், கீழிருந்து தாங்கும் சப்போர்ட் எல்லாம் அதே வேரில் கிளைத்தவை. தன்னைத்தானே ஒழுங்காகத் தாங்கிச் செல்வது என்பதிலிருந்து ‘நடந்துகொள்வது’ என்ற பொருள் வந்தது. பிரெஞ்சு வழியாக இது ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. பிரெஞ்சில் இதன் உடன்பிறப்பு இன்றும் அன்றாடச் சொல்தான், பிள்ளையை அதட்டக்கூடப் பயன்படும். ஆங்கிலத்தில் வீட்டுப் பேச்சுக்கு ‘பிஹேவ்’ ஏற்கெனவே இருந்ததால், இது மேடைக்கும் எழுத்துக்கும் உரிய சொல்லாக ஒதுங்கிவிட்டது. நாம் ‘வீட்டுக்குப் போறேன்’ என்று சொல்லிவிட்டு, வாசல் பலகையில் ‘இல்லம்’ என்று எழுதுவதில்லையா, அப்படி.

இனி, இந்தச் சொல்லைக் கையாளும் முறை. நம்மவர்கள் தடுமாறும் இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறோம்.

‘நடந்துகொள்’ என்பதைப் பிரித்துப் பாருங்கள். ‘நடந்து’ ஒரு பகுதி, ‘கொள்’ ஒரு பகுதி. செயல் செய்கிறவரிடமே திரும்பி வருகிறது என்பதைக் காட்டுவது அந்தக் ‘கொள்’. தமிழில் அது வினையின் வாலிலேயே ஒட்டிக்கொண்டிருப்பதால் தனிச் சொல்லாக நம் காதில் விழுவதில்லை. ஆங்கிலத்தில் அதே வேலையைச் செய்வது ‘மைசெல்ஃப், யுவர்செல்ஃப், ஹிம்செல்ஃப், ஹெர்செல்ஃப், தெம்செல்வ்ஸ்’ என்ற தனிச் சொல். தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதும்போது ‘கொள்’ கழன்று விழுந்துவிடுகிறது. ‘ஹி கம்ப்போர்ட்டட் வித் டிக்னிட்டி’ என்று எழுதுகிறோம். இது பிழை. ‘ஹி கம்ப்போர்ட்டட் ஹிம்செல்ஃப் வித் டிக்னிட்டி’ என்பதே சரி. ‘நடந்துகொள்’ என்ற பொருளில் ‘செல்ஃப்’ இல்லாமல் இந்த வினை நிற்காது.

அடுத்து, எப்படி நடந்துகொண்டார் என்பதையும் சொல்லியாக வேண்டும். ‘ஷி கம்ப்போர்ட்டட் ஹெர்செல்ஃப்’ என்று நிறுத்தினால் வாக்கியம் அந்தரத்தில் தொங்கும். ‘அவர் நடந்துகொண்டார்’ என்று மட்டும் சொன்னால் தமிழிலும் ‘எப்படி?’ என்று கேட்கத்தானே தோன்றும்? எனவே ‘வித் டிக்னிட்டி’, ‘வித் கிரேஸ்’ போன்ற ஒரு தொடரோ, ‘வெல்’, ‘ஹானரப்ளி’ போன்ற ஒரு வினையடையோ பின்னால் வர வேண்டும். ‘குட்’ என்று போடக் கூடாது. அது பெயருக்கு முன் வரும் அடை.

‘செல்ஃப்’ சொல்லைத் தேர்வதில் தமிழருக்கென்றே ஒரு குழி இருக்கிறது. ‘நீங்கள்’, ‘அவர்’ இரண்டையும் நாம் மரியாதைக்காக ஒருவருக்கே பயன்படுத்துகிறோம். அந்தப் பழக்கத்தில் ஒரே ஒரு பெரியவரைப் பற்றி எழுதும்போது ‘யுவர்செல்வ்ஸ்’, ‘தெம்செல்வ்ஸ்’ என்று பன்மை போட்டுவிடுகிறோம். ஒருவர் எவ்வளவு பெரியவரானாலும் ‘யுவர்செல்ஃப்’, ‘ஹிம்செல்ஃப்’, ‘ஹெர்செல்ஃப்’தான். உங்கள் அழைப்பிதழில் ‘தெம்செல்வ்ஸ்’ வந்தது சரி, ஏனென்றால் அங்கே பெற்றோர் பலர்.

இன்னொன்று. ‘கம்ப்போர்ட்’ என்ற சொல்லுக்குள் ‘நன்றாக’ என்பது இல்லை. நல்ல அடைமொழிகளோடு அதிகம் புழங்குவதால் அப்படித் தோன்றுகிறது. ‘கம்ப்போர்ட்டட் ஹிம்செல்ஃப் ஷேம்ஃபுல்லி’ என்றும் எழுதலாம், இலக்கணம் தடுக்காது.

‘கம்ப்போர்ட்’, ‘கம்ஃபர்ட்’ இரண்டும் நான் சொல்லும்போது ஒரே மாதிரி கேட்கிறது என்று வகுப்பில் சொல்கிறார்கள். வித்தியாசப்படுத்திச் சொல்வது எப்படி?
– கல்லூரி மாணவர், மேலூர்

இரண்டு வேறுபாடுகள். ஒன்று அழுத்தம். ‘கம்ஃபர்ட்’டில் முதல் அசையை அழுத்தி, இரண்டாவதைச் சுருக்கி விழுங்க வேண்டும். ‘கம்ப்போர்ட்’டில் நேர்மாறு: ‘கம்’ மெல்ல வந்து போகும், ‘போர்ட்’ ஓங்கி நீண்டு வரும். ஏர்போர்ட்டில் வரும் அதே ‘போர்ட்’. நாம் பெரும்பாலும் ‘கம்ஃபர்ட்’டையும் ‘கம்ஃபோர்ட்’ என்று நீட்டிவிடுவதால்தான் குழப்பம்.

இரண்டாவது, பகர ஒலி. தமிழில் மகர மெய்க்குப் பின் வரும் பகரம் தானாகவே மென்மையாகிவிடும். ‘கம்பு’, ‘பாம்பு’, ‘தம்பி’ ஆகியவற்றைச் சொல்லிப் பாருங்கள். ‘பல்’, ‘தப்பு’ ஆகியவற்றில் வரும் பகரம் அங்கே இல்லை. ‘கம்பெனி’யை நாம் சொல்லும் விதத்துக்கும் இதுவே காரணம். ஆங்கிலத்தில் இந்த இடத்தில் வருவது வல்லொலி. அதற்காகவே இந்தப் பக்கங்களில் ஒற்று மிகுத்து ‘கம்ப்போர்ட்’ என்று எழுதியிருக்கிறோம்.

பழகும் வழி: ‘கம்’ என்று சொல்லி உதடுகளை மூடி ஒரு கணம் நிறுத்துங்கள். பிறகு ‘போர்ட்’ என்று காற்றோடு வெடித்துத் திறங்கள். உதட்டுக்கு நான்கு விரல் தூரத்தில் பேருந்துப் பயணச்சீட்டு மாதிரி மெல்லிய தாள் ஒன்றைப் பிடித்துக்கொண்டால், ஒலி சரியாக வரும்போது தாள் ஆடும். ‘கம்பு’ என்று சொல்லும்போது ஆடாது.

இறந்தகால வடிவத்தில் ‘டட்’ என்று ஓர் அசை கூடும். டகர ஒலியில் முடிந்து, இறந்தகாலத்தில் ‘ஈ, டி’ ஏற்கும் எல்லா வினைக்கும் இப்படித்தான்: ‘ஸ்டார்ட்டட்’, ‘வெயிட்டட்’. பெயர்ச்சொல் ‘கம்ப்போர்ட்மென்ட்’. எழுதும்போது கவனம். ரயில் பெட்டியைக் குறிக்கும் ‘கம்பார்ட்மென்ட்’டுக்கும் இதற்கும் ஒரே ஓர் எழுத்துதான் வேறுபாடு, ‘ஓ’ வர வேண்டிய இடத்தில் அங்கே ‘ஏ’. கைப்பேசியின் திருத்தி பல நேரம் ரயில் பெட்டியாக மாற்றிவிடும். அனுப்பும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்கறிஞர் ஒருவரிடம் உதவியாளராக இருக்கிறேன். ஆங்கிலக் குறிப்பொன்றில் ‘தி வெர்ஷன் டஸ் நாட் கம்ப்போர்ட் வித் தி மெடிக்கல் எவிடன்ஸ்’ என்று இருந்தது. ‘மருத்துவச் சான்றோடு நடந்துகொள்ளவில்லை’ என்று மொழிபெயர்த்தால் பொருளே வரவில்லையே?
– வாசகர், ஒத்தக்கடை

வராது. இது அந்தச் சொல்லின் இரண்டாவது பயன்பாடு. ‘செல்ஃப்’ இல்லாமல், உடனே ‘வித்’ வந்தால் ‘ஒத்துப்போ, இசைந்திரு, பொருந்து’ என்று பொருள். சேர்த்துச் சுமத்தல் என்ற வேரில் ‘சேர்த்து’ என்ற பாதியை இந்தப் பொருள் பிடித்துக்கொண்டது. ‘இக்கூற்று மருத்துவச் சான்றோடு ஒத்துப்போகவில்லை’ என்று எழுதுங்கள். அமெரிக்க நீதிமன்றத் தீர்ப்புகளில் இது மிகப் பழகிய தொடர். சட்டம் வகுத்த நியாயமான நடைமுறைக்கு ஒரு செயல் இசைந்ததா என்று பார்க்கும் இடங்களில் திரும்பத் திரும்ப வரும். நம் நாட்டுத் தீர்ப்புகளில் அதே இடத்தில் ‘இன் கான்சனன்ஸ் வித்’ என்பதே அதிகம். தமிழில் இரண்டுக்கும் ‘இசைவாக’ போதும்.

அடையாளம் காண எளிய வழி, எழுவாயைப் பார்ப்பது. எழுவாய் மனிதராக இருந்து ‘செல்ஃப்’ வந்தால் ‘நடந்துகொள்’. எழுவாய் கூற்று, ஆவணம், உத்தரவு, கொள்கை போன்றதாக இருந்து ‘வித்’ வந்தால் ‘ஒத்துப்போ’. ‘கம்ப்போர்ட்டட் ஹிம்செல்ஃப் வித் டிக்னிட்டி’ என்பதிலும் ‘வித்’ இருக்கிறதே என்று மயங்க வேண்டாம். நடுவில் ‘ஹிம்செல்ஃப்’ நிற்கிறது, எனவே அது முதல் வகை.

இந்த இரண்டாம் பொருளில் ‘இஸ் கம்ப்போர்ட்டிங் வித்’ என்று தொடர்நிகழ்கால வடிவம் போடாதீர்கள். ஒத்துப்போவது ஒரு நிலை, நடந்துகொண்டிருக்கும் செயல் அல்ல. ‘கம்ப்போர்ட்ஸ் வித்’, ‘டஸ் நாட் கம்ப்போர்ட் வித்’ என்பதே முறை. செயப்பாட்டு வினையாகவும் இது வராது.

இரண்டு பொருளையும் ஒரே மூச்சில் நினைவில் வைக்க நம்மிடமே ஒரு தொடர் இருக்கிறது. குறளின் ஒழுக்கமுடைமை அதிகாரம் ‘உலகத்தோடு ஒட்ட ஒழுகல்’ என்கிறது. ‘ஒட்ட’ என்பது இரண்டாம் பொருள், ‘ஒழுகல்’ முதற்பொருள். ஒழுகுதல் என்றால் கூரையிலிருந்து நீர் இறங்குவதும்தான், ஒருவர் நடந்துகொள்வதும்தான். அதிலிருந்து பிறந்ததே ‘ஒழுக்கம்’. மூலத்தின் தொனி மிக உயர்ந்ததாக இருந்தால் ‘கம்ப்போர்ட்’டுக்கு ‘ஒழுகு’ என்று மொழிபெயர்ப்பதே பொருத்தம் என்பது எங்கள் எண்ணம். ஆனால் நீதிமன்ற ஆவணத்தில் ‘நடந்துகொண்டார்’ என்றே எழுதுங்கள், படிப்பவருக்கு ஐயம் எழக் கூடாது.

ஜல்லிக்கட்டுக்கான 2017ஆம் ஆண்டு விதிகளின் ஆங்கிலத் தலைப்பில் ‘கண்டக்ட் ஆஃப் ஜல்லிக்கட்டு’ என்று வருகிறது. ‘கண்டக்ட்’ என்றால் நடத்தை என்று படித்திருக்கிறோம். இது வீரர்களின் நடத்தையைப் பற்றிய விதியா?
– வாசகர், அலங்காநல்லூர்

இங்கே ‘கண்டக்ட்’ என்பது ‘நடத்தை’ இல்லை, ‘நடத்துதல்’. ‘ஜல்லிக்கட்டு நடத்துதல் விதிகள்’ என்று கொள்ள வேண்டும். வாடிவாசல் எப்படி இருக்க வேண்டும், காளைகளுக்கு மருத்துவச் சோதனை, தடுப்பு வேலி என ஏற்பாடு முழுவதும் அதில் அடங்கும். வீரர் திமிலைத்தான் அணைக்க வேண்டும், வாலையோ கொம்பையோ பிடிக்கக் கூடாது என்பதும் அந்த ஏற்பாட்டின் ஒரு பகுதிதான். ஆனால் தலைப்பு சொல்வது நடத்தையை அல்ல.

தமிழில் ‘நட’ என்ற ஒரே வேரிலிருந்து ‘நடத்து’, ‘நடத்தை’ இரண்டும் வருகின்றன. லத்தீனில் ‘டூக்கெரே’, அதாவது வழிநடத்து, என்பதிலிருந்து வந்த ‘கண்டக்ட்’டும் அப்படியே இரண்டையும் தாங்குகிறது. தேர்தல் காலத்தில் இதை அடுத்தடுத்துப் பார்க்கலாம். 1961ஆம் ஆண்டின் ‘கண்டக்ட் ஆஃப் எலக்‌ஷன்ஸ் ரூல்ஸ்’ என்பது தேர்தல் நடத்துதல் விதிகள். ‘மாடல் கோட் ஆஃப் கண்டக்ட்’ என்பது மாதிரி நடத்தை விதிகள், கட்சிகளும் வேட்பாளர்களும் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பவை. ‘கண்டக்ட் ஆஃப்’ என்று தொடங்கி, பின்னால் ஒரு நிகழ்ச்சியின் பெயர் வந்தால் பெரும்பாலும் நடத்துதல். ஆள் வந்தால் நடத்தை. தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகள், 1973 இரண்டாவது வகை. பேருந்தில் ‘நடத்துநர்’ என்று எழுதியிருப்பதும் ‘கண்டக்டர்’ என்பதன் நேர்த் தமிழ்தான்.

வினையாக வரும்போது பின்னால் நிற்கும் சொல் பொருளை முடிவுசெய்யும். ‘கண்டக்டட் தி மீட்டிங்’ என்றால் கூட்டத்தை நடத்தினார். ‘கண்டக்டட் ஹிம்செல்ஃப்’ என்றால் நடந்துகொண்டார். இதைப் பார்த்துவிட்டுச் சிலர் ‘கம்ப்போர்ட்டட் தி மீட்டிங்’ என்று எழுதுகிறார்கள். அது கூடாது. ‘கம்ப்போர்ட்’ கூட்டத்தையோ தேர்வையோ நடத்தாது.

ஒலிப்பில் ஒரு குறிப்பு: பெயர்ச்சொல்லாக இருந்தால் ‘கண்’ என்ற முதல் அசையிலும், வினையாக இருந்தால் ‘டக்ட்’ என்ற இரண்டாம் அசையிலும் அழுத்தம். ‘கம்ப்போர்ட்’டுக்கு இந்த மாற்றம் இல்லை, அழுத்தம் எப்போதும் இரண்டாவதில்தான்.

தனியார் நிறுவனம் ஒன்றில் பணியாளர் பிரிவில் வேலை. ‘மிஸ்கண்டக்ட்’ என்று வரும் ஆங்கில மெமோக்களைத் தொழிலாளர்களுக்காகத் தமிழில் தர வேண்டும். ‘நடத்தை சரியில்லை’ என்று எழுதியதால் ஒரு பெண் தொழிலாளி அழுதுவிட்டார். வேறு எப்படி எழுதுவது?
– வாசகி, வாடிப்பட்டி

அவர் அழுததில் நியாயம் இருக்கிறது. அந்தத் தொடரை இனி எந்த மெமோவிலும் எழுதாதீர்கள். அகராதியில் ‘நடத்தை’ பொதுச்சொல். ஆனால் ஊர்ப் பேச்சில் ‘அவ நடத்தை சரியில்ல’ என்றால் அது ஒரு பெண்ணின் கற்பைப் பற்றிய பழிச்சொல். ஐந்து நாள் தாமதமாக வந்ததற்குக் கொடுத்த கடிதம், வீட்டில் பிரித்துப் படிக்கப்படும்போது வேறொன்றாக ஆகிவிடும். குடும்பத்துக்குள்ளும் தெருவிலும் அது என்ன செய்யும் என்று விளக்க வேண்டியதில்லை.

‘மிஸ்கண்டக்ட்’ என்பதற்குத் தொழிலாளர் வழக்குகளில் பழகிய சொல் ‘ஒழுங்கீனம்’. ‘பணி ஒழுங்கீனம்’ என்றால் இன்னும் தெளிவு. அதோடு நிறுத்தாமல், எந்தச் செயல் என்பதையும் உடனே எழுத வேண்டும். 1946ஆம் ஆண்டு நிலையாணைச் சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்டிருந்த மாதிரி நிலையாணைகளை, அதாவது தொழிலாளர் பணி விதிகளின் மாதிரியை, எடுத்துக்காட்டுக்குப் பாருங்கள் (அந்தச் சட்டத்தின் இடத்துக்கு 2025இல் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது). மேலதிகாரியின் நியாயமான உத்தரவை வேண்டுமென்றே மீறுதல், திருட்டு, நிர்வாகத்தின் பொருளை வேண்டுமென்றே சேதப்படுத்துதல், விடுப்பின்றி 10 நாளுக்கு மேல் வராதிருத்தல், வழக்கமாகத் தாமதமாக வருதல், வேலை நேரத்தில் கலகம் செய்தல் என்று ‘மிஸ்கண்டக்ட்’ அங்கே தனித்தனிச் செயல்களாகப் பட்டியலிடப்பட்டிருந்தது. உங்கள் மெமோவும் அப்படியே இருக்கட்டும்: ‘தாங்கள் இந்த இந்த நாள்களில் முன் அனுமதியின்றிப் பணிக்குத் தாமதமாக வந்துள்ளீர்கள். இது பணி ஒழுங்கீனமாகும்.’ நாள், நேரம், செயல் மூன்றும் இருந்தால் ‘நடத்தை’ என்ற சொல்லுக்கே அங்கே வேலை இருக்காது.

ஆங்கிலத்தில் ‘ஹெர் கண்டக்ட் வாஸ் அன்சாட்டிஸ்ஃபாக்டரி’ என்று பொத்தாம்பொதுவாக வந்தால், மொழிபெயர்க்கும் முன் எழுதியவரிடம் ‘எந்தச் செயல்?’ என்று கேளுங்கள். அதைக் கேட்டு வாங்குவதும் உங்கள் வேலையின் பகுதிதான். அரசு ஊழியர்களுக்கான மெமோக்களில் வரும் ‘அன்பிகமிங் ஆஃப் எ கவர்ன்மென்ட் சர்வண்ட்’ என்பதற்கு ‘அரசுப் பணியாளருக்குத் தகாத’ என்பது சரியான தமிழ். இங்கே ‘பிகம்’ என்பதற்கு ‘ஆகு’ என்று பொருளில்லை. ‘தகு, பொருந்து’ என்று பொருள். தெரியாமல் ‘அரசு ஊழியராக ஆகாத’ என்று எழுதினால் பொருள் கெட்டுவிடும்.

‘நன்னடத்தை’ என்ற கூட்டுச்சொல்லில் மட்டும் இந்தக் கறை ஏறவில்லை. அதைத் தயங்காமல் எழுதலாம். பள்ளி தரும் ‘கண்டக்ட் சர்டிஃபிகேட்’ நன்னடத்தைச் சான்றிதழ். காவல்துறை பரிந்துரையில் எழுதி வாங்கும் ‘குட் பிஹேவியர்’ பத்திரம் நன்னடத்தைப் பிணை. ‘ப்ரொபேஷன் ஆஃபீசர்’ நன்னடத்தை அலுவலர். ஆங்கிலத்தின் மூன்று சொல்லுக்கு நம்மிடம் ஒன்றே இருப்பதால், தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போதுதான் எது எதற்கு என்று பார்த்து எழுத வேண்டும்.

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். பிஹேவ், கண்டக்ட், கம்ப்போர்ட், டிப்போர்ட், டிமீன், அக்விட் எல்லாமே ‘நடந்துகொள்’ என்று அகராதி சொல்கிறது. எதை எங்கே போடுவது?
– தேர்வர், உசிலம்பட்டி

புழங்கும் இடத்தை வைத்துப் பிரியுங்கள். ‘பிஹேவ்’ எல்லா இடத்துக்கும். ‘பி’யும் ‘ஹேவ்’வும் சேர்ந்தது, தன்னைப் பிடித்து வைத்திருப்பது என்று பொருள். இதற்கு மட்டும் ‘செல்ஃப்’ கட்டாயமில்லை. ‘ஹி பிஹேவ்ட் பேட்லி’ போதும். அடைமொழியே இல்லாமல் ‘பிஹேவ் யுவர்செல்ஃப்!’ என்று அதட்டினால் ‘சலம்பாம ஒழுங்கா இரு’ என்று பொருள். இயந்திரம், மென்பொருள், காளை எல்லாம் ‘பிஹேவ்’ பண்ணும். ‘கம்ப்போர்ட்’ மனிதருக்கே உரியது, ஏனெனில் அதில் தன்னை அறிந்து தாங்கிக்கொள்ளும் நிதானம் இருக்கிறது.

‘கண்டக்ட் ஒன்செல்ஃப்’ அலுவலக நடை. ‘கம்ப்போர்ட் ஒன்செல்ஃப்’ அதற்கும் ஒரு படி மேல்: பாராட்டுரை, பரிந்துரைக் கடிதம், நெருக்கடியில் ஒருவர் காட்டிய நிதானம். பேச்சில் அதே உருவகத்தைச் சாதாரணமாகச் சொல்ல ‘கேரி ஒன்செல்ஃப்’ இருக்கிறது. ‘ஷி கேரீஸ் ஹெர்செல்ஃப் வெல்’ என்றால் நிற்பது, நடப்பது, பேசுவது எல்லாவற்றிலும் ஒரு மிடுக்கு. தேர்வில் ஐயம் வந்தால் ‘கண்டக்ட் ஒன்செல்ஃப்’ பாதுகாப்பானது.

‘டிப்போர்ட்’ இந்தப் பொருளில் மிகப் பழையது. இன்று யாரும் அதை நாடு கடத்துதல் என்றே படிப்பார்கள், எனவே எழுத வேண்டாம். பெயர்ச்சொற்களை மட்டும் பிரித்து அறியுங்கள்: ‘டிப்போர்ட்மென்ட்’ நிற்கும் நடக்கும் தோரணை, ‘டிப்போர்ட்டேஷன்’ நாடு கடத்தல்.

‘டிமீன்’ உண்மையில் இரண்டு சொல். ஒன்று பழைய பிரெஞ்சிலிருந்து வந்த ‘நடந்துகொள்’, அதிலிருந்து பிறந்த ‘டிமீனர்’ இன்றும் உயிரோடு இருக்கிறது. மற்றொன்று, தாழ்ந்த என்ற பொருளுள்ள ‘மீன்’ என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. ‘தாழ்த்து, இழிவுபடுத்து’ என்பது அதன் பொருள். இன்று வினையாக வந்தால் இரண்டாவதுதான். ‘டிமீன்ட் ஹிம்செல்ஃப்’ என்று பாராட்டுரையில் எழுதினால் ‘தன்னையே இழிவுபடுத்திக்கொண்டார்’ என்றுதான் படிக்கப்படும்.

‘அக்விட்’ நீதிமன்றத்தில் விடுதலை செய்வது. ‘அக்விட்டட் ஹிம்செல்ஃப் வெல்’ என்று விளையாட்டுச் செய்தியில் வந்தால், தனக்கு வாய்த்த பொறுப்பை நன்றாக நிறைவேற்றினார் என்று பொருள். ‘செல்ஃப்’ இருக்கிறதா என்று பாருங்கள், வழக்கா ஆட்டமா என்பது தெரிந்துவிடும்.

‘ஐ வான்ட் டு அவெயில் கேஷுவல் லீவ்’ என்று விடுப்புக் கடிதம் எழுதுகிறோம். இதிலும் ‘செல்ஃப்’ வர வேண்டும் என்று ஓர் ஆசிரியை சொன்னார். உண்மையா?
– வாசகர், திருப்பரங்குன்றம்

உண்மை. ‘பயன்படுத்திக்கொள்’ என்பதிலுள்ள ‘கொள்’ இங்கேயும் கழன்றுவிட்டது. முறைப்படி ‘அவெயில் மைசெல்ஃப் ஆஃப்’. நம் நாட்டு அலுவலகங்களில் ‘அவெயில் லீவ்’ ஊறிவிட்டது, யாரும் திருப்பி அனுப்பப் போவதில்லை. ஆனால் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கோ தூதரகத்துக்கோ எழுதினால் பிழையாகவே படும். இவ்வளவு சுற்ற வேண்டாம் என்றால் ‘டேக் லீவ்’ என்று எழுதுங்கள், அதில் எந்தச் சிக்கலும் இல்லை. ‘இன்ட்ரொட்யூஸ்’, ‘என்ஜாய்’, ‘ப்ரைட்’ ஆகியவற்றிலும் ‘கொள்’ இருக்கும் இடத்தில் ‘செல்ஃப்’ வர வேண்டும்: அறிமுகப்படுத்திக்கொண்டேன், மகிழ்ந்துகொண்டேன், பெருமைப்பட்டுக்கொண்டேன்.

பள்ளியில் என் மகன் ஆசிரியரை எதிர்த்துப் பேசியதற்கு மன்னிப்புக் கடிதம் கேட்டிருக்கிறார்கள். ‘ஐ அஷ்யூர் தட் மை சன் வில் கம்ப்போர்ட் வித் டீச்சர்ஸ் ப்ராப்பர்லி’ என்று எழுதினேன். சரியா?
– வாசகர், சோழவந்தான்

மூன்று இடத்தில் மாற்ற வேண்டும். ‘அஷ்யூர்’ என்றால் யாருக்கு உறுதி தருகிறீர்கள் என்பது உடனே வர வேண்டும்: ‘ஐ அஷ்யூர் யூ’. ‘கம்ப்போர்ட் வித் டீச்சர்ஸ்’ என்பதில் ‘ஹிம்செல்ஃப்’ இல்லாததால், ஒத்தக்கடை வாசகருக்குச் சொன்ன இரண்டாம் பொருளுக்குப் போய், ‘ஆசிரியர்களோடு பொருந்துவான்’ என்று ஆகிவிட்டது. ‘ஆசிரியர்களிடம்’ என்பதிலுள்ள ‘இடம்’ உருபுக்கு இங்கே ‘வித்’தைவிட ‘டுவர்ட்ஸ்’ பொருத்தம்.

இதற்கெல்லாம் மேலாக, பள்ளிப் பையனைப் பற்றிய கடிதத்துக்கு ‘கம்ப்போர்ட்’ வேண்டாம். அப்பா எழுதும் மன்னிப்பில் தொனி நேராக இருந்தால்தான் மனம் தெரியும். ‘பிஹேவ்’ போதும்.

‘ஐ ஆம் சாரி தட் மை சன் ஸ்போக் ரூட்லி டு ஹிஸ் டீச்சர். ஐ அஷ்யூர் யூ தட் ஹி வில் பிஹேவ் ரெஸ்பெக்ட்ஃபுல்லி டுவர்ட்ஸ் ஆல் ஹிஸ் டீச்சர்ஸ்.’

இந்த இரண்டு வரியும் போதும். கீழே உங்கள் கையெழுத்தோடு மகனின் கையெழுத்தையும் வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.